மியாவின் மாமா

மார்ச் 2, சனி

இன்று அக்கா வீட்டில் கண்டதை நாளைக்கு நானே நம்பமாட்டேன். அதனால் உடனே எழுதி வைக்கிறேன். அக்காவின் மகள், என் மருமகள் மிதுனா, ஒரு முழுப் புத்தகம் கீறிக்கொண்டிருக்கிறாள். எழுதவில்லை, கீறுகிறாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படம். ஆட்கள் பேசுவது மட்டும் வாய்க்குப் பக்கத்தில் முட்டை முட்டையாக வளையம் போட்டு அதற்குள்ளே. பதினாலு வயசுப் பிள்ளை! இந்தக் கைவண்ணம் எங்கேயிருந்து வந்தது என்று அக்கா என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கள் ஊர் அனலைதீவில் எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் நான் கீறிய யானையைப் பார்த்து, பரிசோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் ஒரு அடி பின்னால் நகர்ந்தவர். இனி எனக்குக் கற்பிக்கப் பள்ளிக்கூடத்தில் ஒன்றுமில்லை என்று அந்த வருசத்தோடு நானே நின்றுவிட்டேன்.

விசயம் இதுதான். ஊர் நூலகம் ஒவ்வொரு வருசமும் ஒரு பள்ளிப் பிள்ளையின் படக்கதையை அச்சடித்து, மே மாதக் கடைசியில் ஊரையே கூப்பிட்டு வெளியிடும். இந்த முறை எங்கள் மிதுனாவின் கதை. நோர்வேயின் வடக்கு விளிம்பில், இதற்கு அப்பால் ஐஸ்தான் என்கிற ஒரு துறைமுகத்தில், மீன் வெட்ட வந்த தமிழனின் மருமகள் புத்தகம் போடுகிறாள். (வெட்ட வந்தவன் என்று பணிவாகச் சொல்கிறேன். இப்போது என்னைக் கேட்காமல் தொழிற்சாலையில் ஒரு கத்தி தீட்டமாட்டார்கள்.)

கதை மியா என்கிற ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைப் பற்றியது. மஞ்சள் முடி, நீலக் கண். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், மியாவின் வீட்டு வாசலிலும் செருப்பும் சப்பாத்தும் குவிந்து கிடக்கிறது. குசினியில் சோறு அவிக்கிற மின்சாரச் சட்டி. ரீவி ரிமோட்டுக்கு பொலித்தீன் உறை. நோர்வேக்காரர் வீடுகள் உள்ளே இப்படித்தான் போல. இத்தனை வருசம் இங்கே இருந்தும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. யார் வீட்டுக்குள்ளும் போக எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஒரு பக்கத்தில் மியா பள்ளிக்கூடக் கழிவறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறாள்.

"ஏன் பிள்ளை, அந்தப் பெட்டை உதுக்குள்ள இருந்து சாப்பிடுறாள்?" என்று கேட்டேன்.

"அவளுக்கு அப்பிடித்தான் விருப்பம் மாமா."

விசித்திரமான சனம்.

மார்ச் 9, சனி

புத்தகத்தில் ஒரு பெரிய பிழை கண்டுபிடித்தேன்.

"மிது, மியாவுக்குத் தாய் இருக்கு, தகப்பன் இருக்கு, நாயும் இருக்கு. தாய்மாமன் எங்க?"

"அவளுக்கு மாமா இல்லை."

"செத்துப்போனாரோ?"

"இல்லை மாமா. இருந்ததே இல்லை."

"அப்ப அவள் என்னண்டு பெரிய பிள்ளை ஆவாள்? ஆர் தேங்காய் உடைக்கிறது? ஆர் தலையில பாலும் அறுகும் வைக்கிறது?"

மிதுனா பென்சிலைக் கீழே வைத்தாள். "நோர்வேயில மாமா இல்லாமலும் வளரலாம்."

"வளரலாம். நெட்டையா வளரலாம். பெரிய ஆளா வரேலாது."

அத்தான் செற்றியில் படுத்திருந்தபடி சொன்னார்: "தவம், மாமன் இல்லாதபடியால்தான் அந்தப் புத்தகத்தில கொஞ்சம் சத்தம் குறைவா இருக்கு. விடு."

அத்தான் குணசீலன் நல்ல மனிதர். கலை விளங்காது.

எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு பிள்ளை பன்னிரண்டு வயசிலிருந்து வளர்ந்து வருகிற கதை. அதில் ஒரு மாமன் இல்லையென்றால் படிக்கிறவன் என்ன நினைப்பான்? தாய் கூடப் பிறந்தவனோடு கோபித்துக்கொண்டவள் என்று நினைப்பான். இதை நான் நன்றாக விளங்கப்படுத்தினேன். தேத்தண்ணி ஆறும் வரை விளங்கப்படுத்தினேன். கடைசியில் மிதுனா சிரித்துவிட்டாள்.

"சரி, சரி. ஒரு மாமாவை வைக்கிறன். ஆனா அவர் நோர்வேக்காரன். தோர்வால்ட் எண்டு பேர்."

"எந்த நாட்டுக்காரன் எண்டாலும் பரவாயில்லை. மாமன் மாமன்தான்."

மார்ச் 17, ஞாயிறு

தோர்வால்ட் பிறந்துவிட்டார்! வைக்கோல் நிற மீசை, முன்னால் தள்ளின வயிறு, எந்தப் படத்திலும் ஒரு கை மேலே தூக்கியபடி. வாயைத் திறந்தால் அந்த முட்டை வளையம் பெட்டியை விட்டு வெளியே வழிந்து அடுத்த பெட்டிக்குள்ளும் போகிறது. அவ்வளவு பேச்சு.

இன்னுமொரு அதிசயம். எனக்கு நடந்ததெல்லாம் அப்படியே இந்தத் தோர்வால்ட்டுக்கும் நடந்திருக்கிறது. அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் நடுவில் ஒரு திமிங்கிலம் என் வள்ளத்தை முதுகில் தூக்கிக்கொண்டு போனதே, அதே திமிங்கிலம் இவரையும் இந்த வடகடலில் தூக்கிக்கொண்டு போகிறது.

அத்தான் எட்டிப் பார்த்தார். "டேய், அந்தக் கடலில நடந்து போனாலே முழங்கால்தான் நனையும். அதில திமிங்கிலமோ?"

"அதுதான் அத்தான் முதுகில தூக்கினது. இல்லாட்டி வள்ளம் தரை தட்டியிருக்கும்."

அக்கா குசினிக்குள் நின்று சிரித்தாள். மிதுனா சிரித்தபடி கீறிக்கொண்டேயிருந்தாள்.

நான் படத்தைப் பற்றி ஒன்று கவனித்தேன். யானை கீறியவனுக்கு இது தெரியும். மற்றப் பக்கங்களில் எல்லாப் பெட்டியும் அடிமட்டம் வைத்து நேர்கோடாகப் போட்டது, மியா ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தோளை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறாள். தோர்வால்ட் வருகிற பக்கத்தில் அடிமட்டம் இல்லை. கோடு தானாக வளைந்து ஓடுகிறது. திமிங்கிலத்தின் வால் தாளின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டது. மிச்ச வாலைத் தேடி நான் மேசையைப் பார்த்தேன். பொய்யில்லை, மேசையைப் பார்த்தேன்.

மார்ச் 20, புதன்

வேலை. மீன் சீசன். இன்று நான் வெட்டிய மீனைப் பார்த்து ஒரு போலந்துக்காரன் அழுதான். (வெங்காயமும் பக்கத்தில் இருந்தது.)

ஏப்ரல் 6, சனி

யாரோ வாசலில் நின்று "மியா! மியா!" என்று கூப்பிட்டார்கள். மிதுனாவின் கூட்டாளி இங்ரிட். அந்தப் பிள்ளை கதையில் எவ்வளவு மயங்கிப்போயிருக்கிறது பாருங்கள், கதையில் வருகிறவளைக் கூப்பிடுகிறது! நான் எழும்பிப் போய் உள்ளே வரச்சொல்லுவோம் என்றேன். "வேண்டாம் மாமா, குளிர் உள்ள வந்திடும்" என்று மிதுனா ஓடிப்போய்க் கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டாள். வெளியே நின்று கதைத்துவிட்டு, காது சிவந்து வந்தாள். பிள்ளைக்கு வீட்டின் சூட்டில் அவ்வளவு கவனம்.

பிறகுதான் அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

போன கோடையில், மிதுனா பெரிய பிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு ஒஸ்லோவில் நடந்தது. இந்த ஊரில் மண்டபம் இல்லையா என்று அக்கா கேட்டதற்கு, ஒஸ்லோ மண்டபம்தான் வடிவு என்று பிள்ளை ஒரே பிடி. விமானம் ஏறிப் போனோம். நான் ஹெலிகொப்டர் ஒழுங்கு செய்திருந்தேன், காற்று சரியில்லாதபடியால் காரில் வந்தோம். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் நான் தேங்காய் உடைத்து, பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்துத் தண்ணீர் வார்த்தேன்.

இப்போது மியாவின் கதையில், மியாவுக்குப் பதினைந்து வயது விழா. நோர்வேக்காரர் தேவாலயத்தில் வைப்பார்களே, அது. மியா இந்த நாட்டு விழா உடுப்பு போட்டிருக்கிறாள்: சிவப்புப் பாவாடை, நெஞ்சில் வெள்ளிப் பதக்கம். பக்கம் முழுக்க ஒரே படம். தோர்வால்ட் கோட்டு சூட்டோடு நின்று அவள் தலையில் பால் வார்க்கிறார். அறுகம்புல் மஞ்சள் முடியில் ஒட்டியிருக்கிறது. பால் நெற்றியால் இறங்கி, மூக்கால் இறங்கி, வெள்ளிப் பதக்கத்தில் சொட்டுகிறது. மியா கண்ணை மூடியிருக்கிறாள். புத்தகம் முழுக்க அந்த ஒரு படத்தில்தான் அவளுடைய தோள் இறங்கி இருக்கிறது.

பால் வார்க்கும்போது என் சுண்டுவிரல் எப்படி மடங்கியிருக்கும் என்று எனக்கே தெரியாது. தோர்வால்ட்டுக்கு மடங்கியிருந்தது. பிறகு என் சுண்டுவிரலைப் பார்த்தேன். அப்படித்தான் மடங்குகிறது.

"இங்ரிட் கேட்டவள்," என்றாள் மிதுனா, "எந்த ஊரில இப்பிடிச் செய்யிறவை எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"வடக்கில ஒரு தீவில எண்டு சொன்னன்."

சரிதானே. அனலைதீவு வடக்கில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 13, சனி

சாமான் கடைக்குப் போனேன். நாளைக்குச் சித்திரை வருசம், அக்கா பால் வாங்கி வரச் சொன்னாள். காசு கட்டுகிற இடத்தில் இருக்கிற பெண்ணுக்கு என் கதை என்றால் உயிர். திமிங்கிலக் கதையை நோர்வே மொழியில் சொல்லிக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கித்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் திமிங்கிலம் எழும்பாது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுவிட்டது, எல்லாரும் கதை கேட்க நின்றவர்கள்.

அப்போது ஒரு பெண்பிள்ளை "தோர்வால்ட்!" என்று கத்தியது. பார்த்தால் இங்ரிட். பக்கத்தில் மிதுனா.

இங்ரிட் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "மியா, இது உன்னுடைய தோர்வால்ட்! அதே திமிங்கிலம்! அதே கை! இவரை உனக்குத் தெரியுமா?"

மிதுனா என்னைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கோப்பிப் பெட்டியைப் பார்த்தாள்.

"தெரியாது," என்றாள் நோர்வே மொழியில். "மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஆள். எல்லாருக்கும் இந்தக் கதையைச் சொல்லுவார்."

அது சரிதானே. பொய் ஒன்றும் இல்லை. மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஆள்தான், எல்லாருக்கும் சொல்கிறேன்தான். சுப்பர்வைசர் என்று சொல்லியிருக்கலாம்.

பிள்ளைக்குக் கண் மங்கல் போல. கண்ணாடி போட வேண்டும் என்று அக்காவிடம் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் வெளிச்சமும் காணாது.

நான் கதையை முடித்துவிட்டு வெளியே வந்தேன். முடித்தேனா என்று ஞாபகமில்லை. வெளியே துறைமுகத்துக் காற்று. அந்தக் காற்றில் யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். பாலைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருசப் பிறப்பு. தடிமன், மூக்கு ஓடுகிறது. அக்கா வீட்டுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 20, சனி

தடிமன்.

ஏப்ரல் 27, சனி

அக்கா தானே வந்துவிட்டாள். பெட்டியில் சோறு, நண்டுக்கறி. என் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"தடிமன் எண்டாய். மூக்கு ஒண்டும் ஓடக் காணேல்லை."

"உள்ளுக்க ஓடுது அக்கா."

"விசர்க்கதை கதையாதை. இரண்டு சனியாய் வரேல்லை. அவளும் ஒழுங்காச் சாப்பிடுறாளில்லை. கீறினதெல்லாத்தையும் கிழிச்சுக் கிழிச்சுப் போடுறாள். ரீச்சர் போன் எடுத்தவா. புத்தகம் முடிஞ்சுது எண்டு குடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிட்டாளாம். மே பத்துக்குள்ள குடுக்காட்டி இந்த வருசம் வேற பிள்ளையின்ர புத்தகம் போடுவினமாம். என்ன நடந்தது? உனக்குத் தெரியுமோ?"

"எனக்கென்ன தெரியும்? நான் தடிமன்காரன்."

அக்கா பவளம் என்னைவிட ஆறு வயசு மூப்பு. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் நண்டை உடைத்துக்கொண்டே இருந்தேன். நல்ல நண்டு. இங்குள்ள நண்டைப் பிடிக்க ஆறு ஆள் வேண்டும், நான் தனியாகப் பிடிப்பேன்.

அவள் போன பிறகு யோசித்தேன். அந்தப் பக்கத்தைப் பிள்ளை கிழித்திருப்பாளா? அந்தப் பால் வார்க்கிற பக்கத்தை?

மே 4, சனி

கதவில் தட்டிக் கேட்டது. மிதுனா. முதுகில் பை, கையில் தாள் சுருள், மூக்கு சிவந்திருந்தது. குளிர்.

கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்றாள்.

"மாமா, அண்டைக்குக் கடையில..."

"எந்தக் கடை?"

"மாமா..."

"நான் கடைப் பக்கம் போய் எவ்வளவு காலம்! சாமானெல்லாம் கம்பனிக்காரன் வீட்டை கொண்டுவந்து தாறான். சுப்பர்வைசர்மாருக்கு அப்பிடித்தான். உள்ள வா, குளிர் வருது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியாது. அவளுக்குக் கீறத் தெரியும்.

உள்ளே வந்து என் மேசையிலிருந்த எல்லாவற்றையும் கட்டிலில் தள்ளிவிட்டுத் தாள்களை விரித்தாள். அதே கதை. அதே வாசல், அதே செருப்புக் குவியல், அதே கழிவறைக் கதவு. ஆனால் மியாவின் முகம் எல்லா இடத்திலும் அழிக்கப்பட்டிருந்தது. உடம்பு இருக்கிறது, முகம் வெறும் தாள். தோர்வால்ட்டுக்கும் முகமில்லை, மீசையில்லை. முகமில்லாத ஒருவர் திமிங்கிலத்தின் மேல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன பிள்ளை இது?"

"மூக்கு சரியா வரேல்லை மாமா. உங்களைப் பாத்துக் கீறவேணும்."

"நோர்வேக்காரன்ர மூக்குக்கு என்னைப் பாத்து என்ன செய்யப்போறாய்?"

"அவன்ர இல்லை. உங்கட."

கதிரையை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். நான் கோட்டுப் போட எழும்பினேன், வேண்டாம் என்றாள். சீப்பால் தலை இழுத்துவிட்டு வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். தொழிற்சாலையில் போடுகிற நீல வலைத்தொப்பியையும் றப்பர் ஏப்ரனையும் போடச் சொன்னாள். படத்துக்கு இதையா போடுவது? ஆனாலும் போட்டேன். அவள் சொல்கிற தொனியில் அன்றைக்கு ஏதோ இருந்தது, அக்காவுக்குச் சின்ன வயசில் இருந்த தொனி.

ஏப்ரனில் என் பெயர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"மாமா, இதில ஏன் T-O-M, ரொம் எண்டு இருக்கு?"

"அது... அவையளுக்குத் தவராசா வாய்க்க வராது. வந்த முதல் கிழமையே நான்தான் சொன்னன், ரொம் எண்டு கூப்பிடுங்கோ எண்டு. சின்ன விசயம்."

"கூப்பிடேக்க எப்பிடி இருக்கும்?"

எனக்குப் பதில் ஒன்று தயாராக இருந்தது. ரொம் என்றால் இந்த ஊரில் பெரிய பதவி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பென்சிலைத் தாளில் வைக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் பாக்கப் பழகிட்டன்," என்றேன்.

அவள் பென்சிலைத் தாளில் வைத்தாள். கீறத் தொடங்கினாள்.

அவள் கீறுவதை நான் இதற்கு முன் பின்னால் நின்றுதான் பார்த்திருக்கிறேன். முன்னால் இருந்து பார்ப்பது வேறு. என் முகத்தைப் பார்க்கிற அந்தக் கண்ணில் மரியாதையும் இல்லை, பகிடியும் இல்லை. மீனவன் கடலைப் பார்க்கிற மாதிரி. எனக்குப் பயமாக இருந்தது. எழும்பி ஓடவும் மனமில்லை.

நிறம் போடும்போது சண்டை வந்தது.

"இவ்வளவு கறுப்பில்லை பிள்ளை நான். சின்ன வயசில வெள்ளைக்காரன் எண்டு ஊரில கூப்பிட்டவை. கடல் வெயில்தான்..."

"பொய்."

"கொஞ்சம் வெளிறப் போடு. பாக்கிற சனம் பயப்படும்."

"ஆடாதேங்கோ மாமா."

மண்ணிறம் முடிந்துவிட்டது. கோப்பித்தூளைக் கொஞ்சம் தண்ணியில் கரைத்துத் தரச் சொன்னாள். அதில் தூரிகையைத் தோய்த்து என் கன்னத்துக்குப் போட்டாள், கழுத்துக்குப் போட்டாள். பிறகு தன் கையைத் தாளின் மேல் வைத்துப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் தண்ணீர் கலந்தாள். அந்த நிறத்தால் மியாவின் வெறும் முகத்தை நிரப்பத் தொடங்கினாள். நெற்றி. கன்னம். கழுத்து. ஒரு பிள்ளை மெல்ல மெல்லத் தாளுக்குள்ளிருந்து வெளியே வருகிறது! முடி கறுப்பானது. நான் நிமிர்ந்து பார்த்தேன், கீழே பார்த்தேன். இரண்டும் ஒரே பிள்ளை.

மியா என்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை இல்லை என்பது எனக்கு முதலே தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

போகும்போது சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, நிமிராமல் சொன்னாள்: "இங்ரிட்டுக்குச் சொல்லவேணும் மாமா. கடையில நான் அவளுக்குப் பொய் சொன்னனான். இதைப் பாத்தால் அவளுக்கு எல்லாம் விளங்கும். பிறகு என்னோட கதைக்கமாட்டாள். வகுப்பில ஒருத்தரும் கதைக்கமாட்டினம்."

"கதைக்காட்டி என்னட்டை அனுப்பு."

சிரித்தாள். முழுச் சிரிப்பு இல்லை.

மே 10, வெள்ளி

புத்தகத்தைக் குடுத்துவிட்டாளாம். மியா என்ற பெயரையும் மாற்றிவிட்டாளாம். அட்டையில் 'மிதுனா' என்று முழுதாக, பெரிதாக எழுதினதாக அக்கா போனில் சொன்னாள். அத்தானுக்குத் தொண்டை கம்மிவிட்டதாம். தடிமன் பரவுகிறது.

மே 17, வெள்ளி

இந்த நாட்டின் பெரிய நாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடி பிடித்து ஊர்வலம் போவார்கள். நான் பாதையோரம் நின்று பார்த்தேன். மிதுனா வரிசையில் தனியாக வந்தாள். இங்ரிட் மூன்று வரிசைக்கு முன்னால், வேறு பிள்ளைகளோடு. அந்தப் பிள்ளை ஒருக்காவும் திரும்பிப் பார்க்கவில்லை.

மிதுனா என்னைக் கண்டாள். கொடியைத் தூக்கி ஆட்டினாள், எல்லாருக்கும் முன்னால். "மாமா!" என்று தமிழில் கத்தினாள். பாண்டு வாத்தியத்தைவிட எனக்கு அதுதான் பெரிதாகக் கேட்டது. இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

மே 25, சனி

முழுதாக எழுதுகிறேன்.

நூலகத்தில் கதிரை காணாமல் சனம் நின்றது. அக்கா காஞ்சிபுரம், அத்தான் கோட்டு, நான் கோட்டும் ரையும். முன் வரிசையில் எங்களுக்கு இடம். மேசையில் புத்தகங்கள் அடுக்கியிருந்தது, அட்டையில் மிதுனா, கோப்பி நிறத்தில், தலையில் பால் வழிய, கண்ணை மூடிக்கொண்டு. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை! முகத்தை மட்டும் மாற்றியிருக்கிறாள். பால் ஊற்றுகிற கை என்னுடையது. சுண்டுவிரல் மடங்கியிருக்கிறது. அந்தச் சிவப்புப் பாவாடையும் வெள்ளிப் பதக்கமும் அப்படியே இருந்தது. "ஏன் சீலை கீறேல்லை?" என்று கேட்டேன். "இதையும் நான் போடத்தான் போறன் மாமா" என்றாள்.

ரீச்சரும் நூலகத்துப் பெரியவரும் பேசினார்கள். பிறகு மிதுனா எழும்பினாள். மைக்கை எடுத்தாள். மூன்று பக்கம் வாசித்தாள். கழிவறைப் பக்கத்தை வாசிக்கும்போது அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். அந்தச் சாப்பாட்டுப் பெட்டியை ஒவ்வொரு காலையும் கட்டிக் கொடுத்தவள் அவள். பிடித்த பிடி இப்போதும் வலிக்கிறது.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நோர்வேக்காரர் அப்படித்தான். அப்போது பின்னால் ஒரு கை எழும்பியது. இங்ரிட்.

மிதுனா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"உன்னுடைய மாமா," என்றாள் இங்ரிட். குரல் தட்டையாக இருந்தது. "இந்தப் புத்தகத்தில் இருக்கிறவர். அவரும் நீ உண்டாக்கினவர்தானா? அல்லது உண்மையிலேயே இருக்கிறாரா?"

எல்லாருக்கும் அது சும்மா ஒரு கேள்வி. எங்கள் மூன்று பேருக்கும் அது அந்தக் கடை.

மிதுனா மைக்கைக் கீழே வைத்தாள். மேடையை விட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"இவர்தான்," என்றாள். "தவராசா. என் அம்மாவின் தம்பி. அன்றைக்குக் கடையில் நின்றவர். எனக்குத் தெரியாது என்று உன்னிடம் சொன்னேன். எனக்குத் தெரியும்."

ஊரே என்னைப் பார்க்கிறது. என் வாழ்க்கையில் எத்தனையோ சபை கண்டவன் நான். அந்த நேரம் பார்த்து ஒரு நோர்வேச் சொல் நாக்குக்கு வரவில்லை. தமிழும் அவ்வளவாக வரவில்லை.

இங்ரிட் நின்றுகொண்டே இருந்தாள். இந்த முறை என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நீங்கள் முதல்முதல் இந்த ஊருக்கு வந்தபோது எப்படி இருந்தது?"

"தமிழில சொல்லுங்கோ மாமா," என்றாள் மிதுனா மெல்ல. "நான் அவையளுக்குச் சொல்லுறன்."

சொன்னேன். கோட்டு சூட்டோடு, ஊர் முழுக்க முன்னால் இருக்க, தமிழில் சொன்னேன். நான் வந்தது மார்கழி மாதம். விடிந்ததும் வேலைக்கு வா என்று சொன்னார்கள். சரி, விடியட்டும் என்று படுத்தேன். எழும்பிப் பார்த்தேன், இருட்டு. இன்னும் விடியவில்லை என்று திரும்பவும் படுத்தேன். இங்கே மார்கழியில் விடியவே விடியாது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த நாள் மத்தியானம் போர்மன் வந்து கதவைத் தட்டி எழுப்பினார். அவ்வளவுதான் கதை. சின்னக் கதை. ஏனோ நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

மிதுனா சனத்தைப் பார்த்துத் திரும்பினாள். நோர்வே மொழியில் சொல்லத் தொடங்கினாள். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. எனக்கு அந்த மொழி போதிய அளவு தெரியும். மாமா படுத்தவர் படுத்தவர்தான், கிறிஸ்மஸ் போனது, புதுவருசம் போனது, தாடி கட்டிலால் இறங்கித் தரையில் முட்டியது, போர்மன் இரண்டு பேர் மாறிவிட்டார்கள், மாமா மட்டும் விடியட்டும் விடியட்டும் என்று...

அவளுடைய ஒரு கை மேலே எழும்பியிருந்தது.

சனம் சிரித்தது. பாட்டுக்காரர் மாதிரி ஒரே நேரத்தில் சிரித்தது. பின்னால் இங்ரிட் வாயைப் பொத்திக்கொண்டு, பொத்த முடியாமல், கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா சிரித்தாள். அத்தான் கண்ணைத் துடைத்தார். அந்தச் சின்னப் பிள்ளை ஊரையே ஒரு கையால் தூக்கிக்கொண்டு நிற்கிறது, நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய சட்டைக் கையை மெல்ல இழுத்தேன். "பிள்ளை, அவ்வளவு நாள் இல்லை. ஒரு நாள்தான்."

"சும்மா இருங்கோ மாமா," என்றாள், திரும்பாமல். "நான் கதைச்சுக்கொண்டிருக்கிறன்."

சும்மா இருந்தேன்.